மூன்றாவது வாக்கியம்

அன்று சாயங்காலம் நான் நடுவீட்டில் உட்கார்ந்து வாலிபாலுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே சாரல். தென்காசிப் பக்கத்தில் ஆனி பிறந்துவிட்டால் பள்ளி மைதானம் சேறாகிவிடும், பி.டி. மாஸ்டருக்கு வீட்டில் பந்தோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை இருக்காது. சாப்பாட்டு மேசையில் என் மனைவி ஹெப்சிபா மறுநாள் வகுப்புக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அதே பள்ளியில் அவள் இங்கிலீஷ் டீச்சர்.

"கொஞ்சம் அந்தப் புஸ்ஸு புஸ்ஸு சத்தத்த நிப்பாட்டுதீங்களா? பனியப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எந்தப் பனி?"

"பத்தாங்கிளாஸ் பாட்டுல வார பனி. முதல் வரியில விழ ஆரம்பிச்சு கடைசி வரி வரைக்கும் விழுது. குத்தாலத்துல குளிக்கிற பயலுக்கு அத எப்படிச் சொல்ல?"

அந்த நேரம் அவள் போன் முனகியது. பல்லி நாளைய திட்டத்தை அனுப்பிவிட்டது.

பல்லி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். முந்தின வருஷம் எல்லா வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குக் கண் கிடையாது. பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். காது மட்டும்தான். வகுப்பில் எழும் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்கள் என்று ஓர் எண் போடும். எண் இறங்கினால் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுக்கும். சாயங்காலமானால் மறுநாள் எந்த நிமிஷத்தில் என்ன செய்தால் எண் ஏறும் என்று டீச்சருக்குத் திட்டம் அனுப்பும். எங்கள் பள்ளியிலேயே குறைந்த எண் ஹெப்சிபாவின் வகுப்புக்குத்தான்.

"என் வகுப்புக்கு வந்தா அது தூங்கிப்போகுது போல" என்பாள். நான் தமாஷ் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குப் போனை எடுத்து ரேடியோ செய்தி வாசிப்பவளின் குரலில் படித்தாள். "முதலாவதாக, பனிமலைக் காட்சி, பின்னணி இசையுடன். அடுத்து, விரைவு வினா. பனியின் நிறம் என்ன? அ, வெள்ளை. ஆ, கறுப்பு. இ, இரண்டும் இல்லை. சரியாகச் சொல்வோருக்கு மின்னும் நட்சத்திரம்."

"நான் 'இ'ன்னு சொல்லுவேன்."

"அதனாலதான் உங்களுக்கு நட்சத்திரமே வர மாட்டேங்குது." போனைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, உங்க கிட்ட ஒரு கேள்வி. பனி விழுந்தா சத்தம் கேக்குமா?"

ஒவ்வொரு பாடத்தையும் முதலில் என்னிடம்தான் சோதித்துப் பார்ப்பாள். எனக்குப் புரிந்தால் கடைசிப் பெஞ்சுக்கும் புரியும் என்பது அவள் கணக்கு.

"கேக்காது. பஞ்சு மாதிரில்லா விழும்."

"இது எல்லாருக்கும் வார பதிலு. போகட்டும். அடுத்தது?"

"எது விழுந்தாலும் சத்தம் கேக்கும். நான் ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்குக் கெஸ்ட் முன்னால விழுந்தேனே, கேக்கலையா?"

அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "இது சினிமாவுல வார பதிலு. மொதல்ல வாரது எல்லாருக்கும் உள்ளது. ரெண்டாவது வாரது அடுத்தவன் கிட்ட இருந்து வாங்குனது. மூணாவதுதான் நம்மளோடது. அது வார வரைக்கும் சும்மா இருங்க."

"மூணாவது நாளைக்குச் சொல்லுதேன். பந்துல காத்துப் போவுது."

"நாளைக்கே சொல்லணும். அப்புறம், பத்து பி ஜன்னலுக்கு ஒரு கொக்கி வாங்கிப் போட்டுக் குடுங்க. காத்துல அடிச்சுக்கிட்டே கெடக்கு. பாவம், இசக்கிராஜ் பய கையால புடிச்சுக்கிட்டு இருக்கான்."

சரி என்றேன். மறுபடி காற்று அடித்தேன்.

மறுநாள் காலையில் சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

*

ஆடி மாதம் தலைமையாசிரியர் நல்லபெருமாள் சார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் நிரஞ்சன் என்று ஓர் இளைஞர் இருந்தார். பல்லியைச் செய்கிற கம்பெனி, சென்னை. எழுந்து நின்று கைகூப்பினார். நல்ல பிள்ளைதான், அதை இப்போதும் சொல்வேன்.

"சார், மேடத்தோட இடத்துக்கு இந்த வருஷம் ஆள் போடலை. அவங்க வகுப்புல பேசினது எல்லாம் எங்க கிட்ட பதிவா இருக்கு. அதை வெச்சு அவங்க குரல்லயே, அவங்க பாணியிலயே புதுப் பாடம் நடத்த வைக்க முடியும். முதல்ல இதே பத்து பி-யில சோதனை. நல்லா வந்தா அடுத்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும். டீச்சரே இல்லாத ஊர் எவ்வளவு இருக்கு, யோசிச்சுப் பாருங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"குடும்பத்தோட சம்மதம் வேணும். சோதனை முடிஞ்சதும் சொன்னாப் போதும். வேண்டாம்னா குரலை எடுத்துடுவோம்."

நல்லபெருமாள் சார் இடையில் புகுந்தார். "வகுப்புல பெரிய ஆள் ஒருத்தர் உக்காரணும்னு விதி. மழையில உமக்குத்தான் வேலை இல்லையே ஆசீர். நீரே போயி உக்காருமேன்."

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. மழை பெய்தால் பி.டி. பீரியட் இங்கிலீஷுக்குப் போய்விடும் என்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம். ஹெப்சிபா வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடையோடு வந்து மைதானத்து ஓரமாக நிற்பாள். "சார், இன்னைக்கு உங்க பீரியட் எனக்கு வேணும்." பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த வருஷக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். 'பீரியடக் கேட்டு வந்தாவ, சாரையே கொண்டு போயிட்டாவ' என்று பள்ளிக்கூடமே சிரித்தது.

நிரஞ்சன் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "தப்பா எடுத்துக்கக் கூடாது சார். மேடம் வகுப்பைப் பாதியில விட்டுட்டு வெளிய போற பழக்கம் உண்டா?"

"யார் சொன்னா?"

"பதிவு எல்லாமே பாதியில நிக்குது. மழை, ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை விட்டுட்டு, கொஞ்ச நேரம் தொடர்ந்து வேற எந்தச் சத்தமும் இல்லைன்னா, வகுப்பு காலின்னு எடுத்துக்கிட்டு பெட்டி அணைஞ்சிடும். கரண்ட் மிச்சம், பள்ளி விட்ட பிறகு வாட்ச்மேன் பேசுறதும் பதிவாகாது. அப்புறம் அடுத்த மணி அடிச்சாத்தான் முழிக்கும். மத்த வகுப்புல எல்லாம் சாயங்காலம் ஒரு தடவைதான் அணையுது. மேடம் வகுப்புல மட்டும் தினமும் பாதியில."

"பிள்ளைங்க சும்மா இருந்திருக்கலாம்லா?"

அவர் சிரித்தார். "நாற்பது பசங்க இருக்குற ரூம் சார். அவ்வளவு நேரம் சத்தம் வராம இருக்காது. ஊர் ஊரா பார்த்து வெச்ச அளவு அது."

நானும் வருஷக்கணக்காக விசில் ஊதியவன். நாற்பது பிள்ளைகள் சும்மா இருக்காது என்பது எனக்கும் தெரியும். என் காது மடல் சுட்டது. ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவள். காய்ச்சலோடு போய் வகுப்பெடுத்தவள்.

"இப்ப கோப்புல 'வகுப்பைப் பாதியில் விட்டுச் செல்பவர்'னு ஏறியிருக்கு சார். காரணம் தெரிஞ்சா மாத்திடலாம். அவங்க பேர்ல மாதிரி ஆசிரியர் விருதே குடுக்கணும்னு பேசிக்கிட்டு இருக்காங்க. அதுக்காகத்தான் கேட்டேன்."

*

"குட் மார்னிங் மக்கா!"

பல்லிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தபோது நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளேதான். 'மக்கா'வில் அந்தச் சின்ன இழுப்பு. அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது. பிள்ளைகள் எழுந்து நிற்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

குரல் விறுவிறுவென்று பாடம் நடத்தியது. கேள்வி கேட்டது, கைதட்டச் சொன்னது, அவளுடைய பழைய தமாஷ்களை இடம் பார்த்துச் சொன்னது. பெட்டியின் ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. அவள் உயிரோடிருந்த நாளில் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மழை இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்தேன். பாடம் காதில் ஏறவில்லை. செருமலுக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லை, இங்கே இருந்தது. சம்மதம் என்று சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முப்பிடாதி என் மேசைக்கு வந்தாள். பத்து பி-யின் வாயாடி. அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பா இல்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்களுக்கு இது டீச்சர் மாதிரி இருக்கா?"

"குரல் அப்படியே இருக்கே, முப்பிடாதி."

"கொரலு இருக்கு சார். டீச்சர் எங்க?"

பின்னாலிருந்து ரியாஸ் சொன்னான்: "ஏட்டி, சாருக்கு என்ன தெரியும்? சார் டீச்சர் வகுப்புல உக்காந்திருக்காவளா? நம்ம பீரியடத் தூக்கிக் குடுத்துட்டு டீக்கடைக்குல்லா போவாவ."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைதான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அவள் வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

"எல, சும்மா கெட" என்று ரியாஸை அடக்கிவிட்டு முப்பிடாதி குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு பனிப் பாட்டு சார். அத டீச்சர் நடத்தவே இல்ல. நாளைக்கு ஒங்களுக்குக் காட்டுதோம். நீங்க மட்டும் பேசிறக் கூடாது. இருமக்கூடக் கூடாது."

*

மறுநாள் நல்ல மழை. காற்று வேறு. குரல் பனிப் பாட்டை ஒருமுறை வாசித்தது. அழகாகத்தான் வாசித்தது. வாசித்து முடித்ததும், மூச்சுக்கூட விடாமல், "இப்போ ஒரு விரைவு வினா மக்கா! பனியின் நிறம் என்ன?" என்றது.

யாரும் பதில் சொல்லவில்லை.

'டிக் டிக்.' எண் இறங்கியது. "என்ன மக்கா, காலையில சாப்பிடலையா?" இது அவளுடைய தமாஷ். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறைப்பு இல்லை, விளையாட்டு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

குரல் இன்னும் இரண்டு தமாஷ் சொன்னது. ஒரு புதிர் போட்டது. பிறகு, மாணவர்கள் பதில் சொல்வதற்காகக் காத்திருப்பது போல, நின்றது.

காற்று ஜன்னலைத் தள்ளியது. அடித்துக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் இசக்கிராஜ் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை நீட்டி ஜன்னல் கதவைப் பிடித்திருந்தான். மழை அவன் சட்டைக் கையை நனைத்துக்கொண்டிருந்தது. கை அசையவில்லை. ஜன்னல் ஒருமுறை அடித்தால் போதும், பல்லி அணையாது. ஹெப்சிபா கொக்கி கேட்டது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தொண்டை அரித்தது. விழுங்கிக்கொண்டேன். பல்லியின் பச்சை விளக்கு ஒருமுறை மங்கி, அணைந்தது.

யாரும் கைதட்டவில்லை. ரியாஸ் மட்டும் மெதுவாக, "தூங்கிட்டு" என்றான். அடுத்த மணி அடிக்கும்வரை அது எழுந்திருக்காது. எழுதும் சத்தம் ஆரம்பித்தது.

"டீச்சர் இருக்கயிலயும், ஒம்பதாங்கிளாஸ்ல இருந்தே இப்படித்தான் சார்" என்று முப்பிடாதி சொன்னாள். "ஒரு தடவ வாசிப்பாவ. அப்புறம் 'மூணாவது வாக்கியத்துக்கு இருங்க'ம்பாவ. அவுகளும் சும்மா இருப்பாவ. பல்லி அணைஞ்ச பொறவுதான் வகுப்பே ஆரம்பிக்கும். நாங்க எழுதுனத எல்லாம் வாசிப்போம், சண்ட போடுவோம். டீச்சர் அழுதுகூட இருக்காவ."

"அது அணையுதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மொத தடவ அணைஞ்சப்ப அதப் பாத்து ஒரு சிரி சிரிச்சாவ பாருங்க!"

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அந்தக் கம்பெனியிடம் இருந்தது அவளுடைய வகுப்பின் முன்பாதி மட்டும். வணக்கம், தமாஷ், ஒருமுறை வாசிப்பு. அதைத்தான் இவ்வளவு நாள் அவள் என்று நினைத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மீதிப் பாதி எந்தப் பெட்டியிலும் இல்லை. அது இந்த அறையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சரி, நீ என்ன எழுதியிருக்க? வாசி."

அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள். தமிழில் இப்படி வரும்: 'அம்மா பீடி சுற்றும்போது கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் அம்மா அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். பனி அந்த நின்றுபோன சத்தத்தில்தான் விழும்.'

ரியாஸ், "ஏட்டி, நல்லா எழுதியிருக்க, சவம்" என்றான். அவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் மூக்கைச் சிந்தினான்.

"சார், நீங்க?" என்றாள் முப்பிடாதி. "நீங்களும் எழுதணும்."

எனக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. மூன்றாவது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னது. பேனா வாங்கி எழுதினேன். பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டினேன். அதை இங்கே எழுத மாட்டேன். அந்த அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள், அது போதும்.

*

நிரஞ்சன் மறுபடி வந்தபோது முகத்தில் குழப்பம் இருந்தது.

"சார், சோதனை வகுப்பும் பாதியில அணைஞ்சிருக்கு. அன்னைக்கு வகுப்புல யாரும் இல்லையா?"

"நான் இருந்தேன்."

"பசங்க?"

"எல்லாரும் இருந்தாங்க."

அவர் என்னையே பார்த்தார். கெட்டிக்காரர். ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார். "சார், என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மேடம் பேர்ல இருக்குற அந்தக் கரும்புள்ளியை இன்னைக்கே எடுத்துடறேன். பெட்டி அணையாத மாதிரி மாத்திடுவோம். அவங்களோட அந்த மீதி வகுப்பும் பதிவாகும். பசங்க என்ன செய்யறாங்க, எப்படிச் செய்யறாங்க, எல்லாம். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அது போகும்."

"போயி?"

"அவங்க சாகாம இருப்பாங்க சார்."

நல்லபெருமாள் சார் என் தோளைத் தட்டினார். "ஒரு வார்த்த சொல்லும் ஆசீர். விருது வரும். அந்தப் பிள்ளைக்குப் பேரு நிக்கும். பாதியில எந்திரிச்சுப் போனவன்னு எழுதி வெச்சிருக்கான், ஒமக்குக் கோவம் வரலையா?"

கோபம் வந்தது. இன்றைக்கும் வருகிறது. ஒரு வார்த்தை போதும், அந்த வரி அழிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நாளையிலிருந்து பத்து பி-யில் பச்சை விளக்கு அணையாது. முப்பிடாதியின் கத்தரிக்கோல் சத்தத்துக்கு ஓர் எண் போடுவார்கள். எண் குறைந்தால் 'டிக் டிக்' என்று அடிக்கும். எண் ஏறினால் அது இன்னும் மோசம். மறுவருஷம் எல்லா ஊரிலும் அம்மா அழுவதை எழுதச் சொல்லித் திட்டம் வரும், நிமிஷக் கணக்கோடு.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன்.

"எதுக்கு சார்? அந்த வரி...?"

"இருக்கட்டும். அவளுக்கு அது உறுத்தாது."

"குரலை எடுத்துட வேண்டியிருக்கும்."

"எடுத்துருங்க."

அவர் எழுந்து என் பக்கம் வந்தார். பிறகு, உண்மையான இரக்கத்தோடுதான், "உங்களுக்கு மட்டும் ஒரு நகல் தரட்டுமா? வீட்டுல வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்தச் செருமலை நினைத்தேன். வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. அது முதலில் வருகிற பதில். அதைப் போகவிட்டேன்.

"வேண்டாம் தம்பி. அது என்னப் பாத்து 'குட் மார்னிங் மக்கா'ங்கும். அவ ஒரு நாளும் என்ன மக்கான்னு கூப்பிட்டது கெடையாது."

நல்லபெருமாள் சார் அன்றிலிருந்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. விருது வேறு மாவட்டத்துக்குப் போனது. பத்து பி-க்குக் கௌசல்யா என்று ஒரு சின்னப் பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டார்கள். வந்த இரண்டாம் வாரமே அவளிடம் விளக்கம் கேட்டார்கள், பெட்டி ஏன் பாதியில் அணைகிறது என்று. தெரியவில்லை என்று பதில் கொடுத்தாளாம். ஸ்டாஃப் ரூமில் என்னைக் கடந்து போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். போன வருஷம் பல்லிகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அது எதைக் கேட்டால் தூங்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை, கேட்டாலும் எழுத மாட்டேன். ஹெப்சிபாவின் பெயருக்கு நேரே, வகுப்பைப் பாதியில் விட்டுச் செல்பவர் என்று இன்னும்தான் இருக்கிறதாம்.

கொக்கி வாங்கி வந்து ஒருமுறை போடப் போனேன். நாங்களே பிடித்துக்கொள்கிறோம், வேண்டாம் என்றார்கள் பிள்ளைகள். இந்த ஆடியிலும் போய்ப் பார்த்தேன். காற்று அதேபோல் அடிக்கிறது. பத்து பி ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. கடைசிப் பெஞ்சில் உட்காருகிற பிள்ளை கையால் பிடித்துக்கொள்கிறது.